கொழுப்பக்கா

அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்றுதான் சொல்வார்கள். வாசல் காவலாளி முதல் மாடியில் இருக்கும் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் கொழுப்பக்கா. காரணம் இரண்டு. புற்றுநோய் செல்கள் எப்படிக் கொழுப்பைத் தயாரிக்கின்றன என்று ஆராய்கிற பிரிவில் அவளுக்கு வேலை. இன்னொரு காரணத்தை, அவளிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சிதான். "உடம்புல ஒட்ட வேண்டியது பூரா வாயில போய் ஒட்டிக்கிச்சு" என்பார் காவலாளி. சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார், பாவம்.

அவளுடைய வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், சாப்பாடு போடுவது. யாருக்கு என்றால், புற்றுநோய் செல்களுக்கு. மனித உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் ஓர் அலமாரிக்குள், படுக்கவைத்த தட்டைக் குப்பிகளில், இளஞ்சிவப்புத் திரவத்தை நக்கிக்கொண்டு அவை வளரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். கண்ணாடித் தடுப்பு போட்ட மேடைக்கு முன்னால், கையுறையும் முகமூடியுமாக உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கே பேசவே கூடாது. எச்சில் தெறித்தால் கிருமி புகுந்து, மொத்த உழைப்பும் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். பேசக்கூடாத வேலைக்கு ஊரில் வேறு ஆளே கிடைக்காமல் இவளைத் தேர்ந்தெடுத்தாரே ஒரு புண்ணியவான், அவரைச் சொல்ல வேண்டும்!

அவள் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தாள். முகமூடிக்குள்ளேயே முணுமுணுப்பாள். புதிதாக வருகிறவர்கள், அம்மா ஏதோ ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

"வந்துட்டேன், வந்துட்டேன், என்ன அவசரம்? முந்தாநாள்தானே கொட்டிக்கிட்டீங்க? ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி, குப்பி பூரா காலை நீட்டிப் படுத்துக்கிட்டா பக்கத்துல இருக்கிறவன் எங்கே போவான்? கேட்க ஆளில்லைன்னு நெனைப்பு. கொழுப்பெடுத்த கழுதைங்களா!"

இந்தத் திட்டில் விஞ்ஞானமும் இருக்கிறது. உடம்பில் இருக்கும் நல்ல செல் அடக்க ஒடுக்கமானது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் கலந்து வருகிற கொழுப்பை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளவும் அன்றாடச் செலவுக்கும் அது போதும். சொந்தமாகக் கொழுப்பு தயாரிக்கும் வித்தை அதன் மரபணுக்களிலும் எழுதியிருக்கிறது. ஆனாலும், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று பெரும்பாலான செல்கள் அந்த அடுப்பைத் தணித்தே வைத்திருக்கும். புற்றுநோய் செல்லுக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. வருவதையும் வாங்கி வைத்துக்கொள்ளும், போதாதென்று சர்க்கரையைக் கொண்டு தானும் கொழுப்பு காய்ச்சும். சதா பெருகிக்கொண்டே இருக்கிறவனுக்குப் புதுப்புதுச் சுவர் வேண்டுமே! அதற்கான மரபணுக்களின் சுவிட்சைத் தட்டிவிட்டு, அணைப்பதைப் பற்றி நினைத்தே பார்க்காது. அதை எப்படி அணைப்பது என்பதுதான் அந்தப் பிரிவின் ஆராய்ச்சி.

பிரிவின் தலைவருக்கும் பட்டப்பெயர் உண்டு. வைத்தவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும், பதில் சொல்லி முடித்த கையோடு "ஆனா" என்று ஆரம்பித்து, சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் மனிதர். காபி சூடா இருக்கா சார் என்றால்கூட, "இருக்கு... ஆனா, எதோட ஒப்பிடறோம்னு இருக்கில்ல" என்பார். அதனால் அவர் ஆனா சார்.

இவ்வளவு வாய் இருந்தும், உலகத்தில் ஒரே ஒருவரிடம் அவள் பேச்சு எடுபடாது. அவளுடைய அண்ணன்.

அண்ணன் தையல்காரர். அப்பா போன பிறகு, படித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவர், தங்கையைப் படிக்கவைத்தார். அவள் மேல் உயிர். ஆனால் அவள் சொல்வது எதுவும் அவருக்குச் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்தச் சந்துக்குள் கடை போடாதே என்றாள், அங்கேதான் போட்டார். மூக்குக்கண்ணாடியை மாற்று என்றாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகிற வரைக்கும் மாற்றவில்லை. "அது பேசும், பேசலைன்னா அதுக்குத் தலை வெடிச்சுரும்" என்று சிரித்துக்கொண்டே கால் மிதியை மிதிப்பார். வயிற்றில் ஏதோ பண்ணுகிறது என்று அவர் முகத்தைச் சுளித்த முதல் நாளே, டாக்டரைப் போய்ப் பார் என்று அவள் தலையால் அடித்துக்கொண்டாள். "கண்டதைத் தின்னேன், சரியாப் போயிரும்" என்றார். சரியாகப் போகவில்லை. குடலில் புற்று என்று ஒருநாள் தெரிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்ததாக, சில வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அண்ணன் வீடு திரும்பிய அன்று, எல்லோரும் அண்ணியின் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நோயின் பேரைச் சொன்னால் அது கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது போல, அண்ணி "அது" என்றாள், பக்கத்து வீட்டுக்காரர் "அந்த மாதிரி" என்றார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுப்பக்காவால் எத்தனை நேரம்தான் பொறுக்க முடியும்?

"ஏன் எல்லாரும் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள். "அது என்ன பெரிய கொம்பா? தினமும் நான் அதுக்குத்தான் கொட்டிக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா அது லட்சணம்? உடம்பு பூரா கொழுப்பு அந்தக் கழுதைக்கு. உள்ளதைத் தின்னது பத்தாதுன்னு தனியா அடுப்பு மூட்டிக் காய்ச்சிக்கும். நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? கேன்சர்னாலே நண்டுன்னுதான் அர்த்தம். இந்த நண்டும் அப்படித்தான், கொழுத்துப்போய்த்தான் ஊர் சுத்தக் கெளம்புது. கொழுப்பை அடக்கினா எல்லாம் அடங்கும், பாருங்க!"

சொன்ன வேகத்தில் மேசையில் ஒரு தட்டு தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. அண்ணி, "உனக்கு வாய் இருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. அண்ணன் தட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தங்கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏதோ யோசித்தார். அன்றைக்கு அவர் முட்டையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்து ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார். வாந்தி, களைப்பு எல்லாம் இருந்தது. ஆனால் ஒருநாள்கூடக் கடையை மூடவில்லை. மதியச் சாப்பாட்டை அண்ணி டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுவாள்: வறுத்த மீன், முட்டை, வெண்ணெய் போட்டுப் பிசைந்த சோறு. டப்பா சுத்தமாகக் காலியாகித் திரும்பும். ராத்திரியில், மதியம் தின்றதே இன்னும் செரிக்கவில்லை என்று கொஞ்சமாகக் கொறிப்பார். சட்டையும் தோளில் பொருந்தி, இடுப்பில் நேராக விழுந்து, அளவெடுத்துத் தைத்த மாதிரியே இருந்தது. "முகம்தான் கொஞ்சம் வாடிப்போச்சு, உடம்பு அப்படியேதான் இருக்கு" என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள். கொழுப்பக்காவும் அதையே சொல்லிக்கொண்டாள்.

மருத்துவமனைத் தராசுக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. ஒருமுறை மருந்து ஏற்றப் போனபோது எடை பார்த்த நர்ஸ், தராசு கெட்டுவிட்டதோ என்று தானே ஒருதரம் ஏறி இறங்கிப் பார்த்தாள். டாக்டர் தாளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படி இறங்கிக்கிட்டே போனா உடம்பு மருந்தைத் தாங்காது. இந்தத் தடவை மருந்து கிடையாது. அடுத்த வாரம் வாங்க. அதுக்குள்ள எடை நிக்கணும், முடிஞ்சா கொஞ்சம் ஏறணும். இன்னும் இறங்கினா நான் மருந்தை நிறுத்தத்தான் வேணும்" என்றார். "சாப்பிடறாரா இல்லையா?"

"வறுத்த மீனு, முட்டை, வெண்ணெய்... நான் எதைக் குறைச்சேன்?" என்று அண்ணி அங்கேயே அழுதுவிட்டாள். அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மருந்து நின்றால் என்ன ஆகும் என்று கொழுப்பக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கவனிப்பாரில்லாத குப்பியில் அந்தக் கழுதைகள் என்ன ஆட்டம் போடும் என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவள் அவள்.

மறுநாள் மதியம், ஆராய்ச்சிக்கூடத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு அவள் அண்ணனுடைய கடைக்கு நடந்தாள். அண்ணன் இல்லை. நூல் வாங்கப் போயிருந்தாராம். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் மேசை போட்டிருக்கும் இஸ்திரிக்காரர்தான் இருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன முறை பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்த மனிதர், இப்போது பளபளவென்று உப்பிப்போய் இருந்தார். அவர் முன்னால் அண்ணியின் டப்பா திறந்திருந்தது. வாயில் மீன்.

"நல்லா இருக்கா?" என்றாள் கொழுப்பக்கா.

பாதி மீனை அப்படியே விழுங்கிவிட்டு அவர் எழுந்து நின்றார். "அக்கா, நான் கேட்டு வாங்கலக்கா. அவருதான் தெனமும் குடுப்பாரு. வேணாம்னு சொன்னா கோவப்படறாரு."

"அவர் என்ன சாப்பிடறாரு?"

"வெண்ணெய் படாத சோறா ஓரத்துல கொஞ்சம் எடுத்துத் தண்ணி ஊத்திக் குடிப்பாரு. மத்ததெல்லாம் எனக்கு." அவர் தயங்கினார். "நீங்கதானே சொன்னீங்களாம்?"

"நான் என்ன சொன்னேன்?"

"நண்டைக் கொழுக்க விடக்கூடாது, கொழுப்பை அடக்கினா அது அடங்கிரும்னு. 'டாக்டருங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க. என் தங்கச்சி அந்த நோயைக் கையில வெச்சு வளர்க்கிறவ, அவளுக்குத் தெரியாததா'ன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வாரு. ரொம்பப் பெருமைக்கா அவருக்கு."

கொழுப்பக்கா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவள் சொன்னதில் ஒன்றையாவது அண்ணன் கேட்டிருப்பாரா? கடையைப் பற்றிச் சொன்னது, கண்ணாடியைப் பற்றிச் சொன்னது, வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னது, எல்லாம் காற்றோடு போயிற்று. போயும் போயும், சாப்பாட்டு மேசையில் வாய்க்கு வந்ததை உளறினாளே, அந்த ஒன்றைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் அண்ணனையல்லவா கெடுத்துவிட்டது!

"சட்டை மட்டும் எப்படிப் பொருந்துது?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

இஸ்திரிக்காரர் மேசையில் இருந்த அண்ணனுடைய சட்டையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் துணி கனமாக மடிந்து கிடந்தது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். பழைய தையலின் ஊசித்தடம் ஒன்று, அதற்கு உள்ளே தள்ளி இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. உடம்பு இளைக்க இளைக்க, யாருக்கும் தெரியாமல் தன் சட்டைகளைத் தானே பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வாரா வாரம் பிடிக்கிறாரு. 'வீட்டுல பாத்தா பயப்படுவாங்க, கொஞ்ச நாள்தான், நண்டு அடங்கினதும் பிரிச்சு விட்டுக்கலாம்'னு சொல்வாரு" என்றார் இஸ்திரிக்காரர்.

அவள் அண்ணன் வருகிறவரை காத்திருக்கவில்லை. வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பினாள். நடுவில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. ஒருவேளை அண்ணன் செய்வது சரியாக இருந்துவிட்டால்? பட்டினி போட்டால் அது சுருண்டுவிடும் என்றால்? அப்படி இருந்துவிடக்கூடாதா என்று ஒரு பேராசை. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

நேராகப் போய் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தாள். அந்த வாரம்தான் இரண்டு வகைத் தட்டுகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் செல்களுக்கு வழக்கமான சாப்பாடு. இன்னொன்றில், கொழுப்பைச் சுத்தமாக நீக்கிவிட்ட சாப்பாடு. இரண்டுக்கும் சாயம் ஏற்றியவள் அவளேதான். கொழுப்பு எங்கே இருந்தாலும் அந்தச் சாயம் சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். முதல் தட்டில் எங்கு பார்த்தாலும் சிவப்புப் பொட்டு. இரண்டாவதை வைத்துப் பார்த்தாள். பொட்டுகள் குறைந்திருந்தன. ஆனால் இருந்தன. ஒரு பொட்டுக் கொழுப்பும் கொடுக்காத தட்டில், அங்கங்கே தானே காய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து வைத்திருந்த கணக்கைப் பார்த்தால் இன்னும் மோசம்: வெளியிலிருந்து வரத்து நின்றதும், கொழுப்பு காய்ச்சும் மரபணுக்கள் முன்னைவிட வேகமாக வேலை செய்துகொண்டிருந்தன. அடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டன, அவ்வளவுதான்.

ஆனா சார் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு கேள்வி. ஆனா போடாம பதில் வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இப்படி யாரும் அவரிடம் நேருக்கு நேர் சொன்னதில்லை.

"ஒரு மனுஷன் கொழுப்பே சாப்பிடாம இருந்தா, அவன் உடம்புல இருக்கிற புத்து பட்டினியாகுமா?"

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது அவளுக்கே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஆகாது" என்றார். "அவன் உடம்புல சேர்த்து வெச்சிருக்கிறதைக் கரைச்சு எடுத்துக்கும். இல்லைன்னா தானே பண்ணிக்கும். பட்டினி கிடக்கிறது அந்த மனுஷன்தான். யாரது?"

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நம்ம தட்டுல நடக்கிறது தட்டோட. அதை வெச்சு ஒரு மனுஷனுக்குச் சாப்பாடு சொல்லக்கூடாது. அவருக்கு டாக்டர் என்ன சொல்றாரோ அதான். நல்லா சாப்பிடச் சொல்லுங்க. ஆனா..."

"சார்!"

"இல்லம்மா, ஆனா... ஏன் இன்னும் இங்கே நிக்கறீங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல வந்தேன்."

சாயங்காலம் அவள் போனபோது அண்ணன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ஒரு பாவாடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியில். ஓரமாக ஒரு தட்டில் சோறு, முட்டை, வெண்ணெய், எல்லாம் மூடி வைத்திருந்தது. அண்ணனுக்குப் பசியில்லையாம். கொழுப்பக்கா எதிரே உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவருடைய கழுத்து சட்டைக் காலருக்குள் குச்சியாக நிற்பது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. காலரை மட்டும் பிடித்துத் தைக்க முடியவில்லை போலிருக்கிறது.

எதைச் சொன்னாலும் ஒரு கஷ்டம் இருந்தது. இத்தனை வாரமாக அந்த மனிதர் எதிரியைப் பட்டினி போட்டுச் சாகடித்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பது அந்த ஒரு ஆயுதம்தான். அதை எப்படிப் பிடுங்குவது?

"என்ன, வாய்க்குப் பூட்டா?" என்றார் அண்ணன், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடைக்குப் போயிருந்தேன். இஸ்திரிக்காரர் நல்லா ஊதியிருக்காரு."

ஊசி நின்றது. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது.

"அண்ணே, நான் அன்னிக்குச் சொன்னது சும்மா. எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க, சிரிக்க வெக்கலாம்னு உளறினேன். கொழுப்பை அடக்கணும்னா, திமிரை அடக்கணும்னு சொல்வோமே, அப்படி. முட்டையை நிறுத்தச் சொல்லலண்ணே." கைபேசியை எடுத்து, மதியம் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். "இது ஒரு துளி கொழுப்பும் போடாத தட்டு. இந்தச் சிவப்பெல்லாம் பாரு. தானே காய்ச்சிக்கிட்டது. நீ பட்டினி கிடந்தா அது பட்டினி கிடக்காது. உன்னையே கரைச்சுத் திங்கும்."

அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். துணியில் ஒரு கறையைப் பார்க்கிற மாதிரி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்போ, நான் இத்தனை நாள் கிடந்ததுக்கு அது கவலையே படலையா?"

"படல."

அடுப்படியிலிருந்து அண்ணி வந்து நின்றாள். கையில் கரண்டி. யாரை அடிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. "இஸ்திரிக்காரருக்கா?" என்றாள். "நான் முள்ளு முள்ளா எடுத்து அனுப்பின மீனை..."

"உனக்கு என்ன கிறுக்கா அண்ணே?" கொழுப்பக்காவுக்குக் குரல் உடைந்தது. "நான் சொல்லி எதைக் கேட்டே நீ? வயித்துவலின்னப்ப டாக்டர்கிட்ட போன்னு எத்தனை தடவை கத்தினேன்! அதைக் கேட்டிருக்கலாமில்ல? இதைப் போயா கேட்கணும்?"

அண்ணன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் பாவாடைத் துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் பயம்" என்றார். "அன்னிக்கு இந்த மேசையைச் சுத்தி உக்காந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பாக்கவே பயந்தாங்க. டாக்டர் பேசறப்பகூட மெதுவாத்தான் பேசறாரு. எனக்கு ராத்திரியில கை காலெல்லாம் உதறும், உங்க அண்ணிக்குத் தெரியக்கூடாதுன்னு அசையாம படுத்திருப்பேன். நீ ஒருத்திதான் அன்னிக்கு அதைக் கழுதைன்னு திட்டினே. மேசையில அடிச்சுத் திட்டினே. அட, இதையும் திட்ட முடியும் போலிருக்கேன்னு தோணுச்சு. அப்போதான் எனக்கு உதறல் நின்னுச்சு. அதனாலதான் நீ சொன்னதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

கொழுப்பக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. அண்ணன் மேல் அவ்வளவு பாசம், அவ்வளவு ஆத்திரம்.

அண்ணி மூடியிருந்த தட்டைத் திறந்து அண்ணன் முன்னால் நகர்த்தினாள். அண்ணன் பாவாடையை ஓரமாக மடித்து வைத்தார். முட்டையைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். இத்தனை நாளாகப் பழக்கம் விட்டுப்போன வாய் குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அடுத்த வாய்க்குக் கை எழும்பவில்லை.

"இறங்கலை" என்றார். "சும்மா உக்காந்து தின்ன முடியல. நீ ஏதாவது திட்டு."

"யாரை?"

"அதைத்தான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கொழுப்பெடுத்த கழுதை" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"இது என்ன திட்டு, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது."

"திருட்டுக் கழுதை! எங்க அண்ணன் உடம்புல இடம் பிடிச்சு, எங்க அண்ணன் சோத்தைத் தின்னு, எங்க அண்ணனுக்கே அடுப்பு மூட்டறியா? யார் வீடுன்னு நெனைச்சே? வெக்கங்கெட்ட ஜென்மம்! உன்னை மாதிரி எத்தனை பேரை நான் உறிஞ்சி எடுத்துச் சாக்கடையில ஊத்தியிருக்கேன் தெரியுமா? உனக்கு இருக்கு, இரு! அடுத்த வாரம் மருந்து வருது, அப்போ எங்கே ஓடறேன்னு பாக்கறேன்!"

அண்ணன் இரண்டாவது வாய் வைத்தார். மூன்றாவதும் வைத்தார். வாழ்நாளில் ஒருவரையும் அதட்டிப் பேசியறியாத அண்ணி, கரண்டியை ஓங்கி, "நாசமாப் போக!" என்று அடித்தொண்டையில் ஒரு கத்துக் கத்தினாள். கத்திவிட்டு, தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனுக்குச் சோறு மூக்கில் ஏறி இருமினார். இருமல் அடங்கியதும் தண்ணீர் குடித்துவிட்டு, வெண்ணெயைச் சோற்றில் வைத்துப் பிசைந்தார்.

கொழுப்பக்கா அவர் பிசைகிற கையைப் பார்த்தாள். மணிக்கட்டு எலும்பைப் பார்த்தாள். திட்ட மறந்துபோனாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டே? நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே."